தருமபுரியில் மாதவிடாய் நிற்கும் பருவத்துக்கான ஒரு கிளினிக்: மருந்துச் சீட்டுக்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு அருகில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் நடத்தும் சிறிய கிளினிக்கில், மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களுக்கென்று வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரவில் திடீரென உடல் கொதித்து, ரவிக்கை நனையுமளவு வியர்த்துக் கொட்டி, தூக்கம் கெட்டு, மறுநாள் வகுப்பறையில் நிற்கவே முடியாமல் போன நிலையில்தான் நான் அங்கே சென்றேன். அதற்கு முன் பார்த்த இடத்தில், "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதானேம்மா" என்று சொல்லி, இரத்த அழுத்தத்தைக்கூடப் பார்க்காமல் சோயா கேப்சூல் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

இந்த மருத்துவர் முதலில் கேட்டது கர்ப்பப்பை இருக்கிறதா என்பது. இந்தத் தொல்லைகளுக்குத் தரப்படும் ஹார்மோன் சிகிச்சையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை மட்டும் தனியாகக் கொடுத்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, நாளடைவில் புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம் என்பதால், கர்ப்பப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோனும் சேர்த்தே கொடுக்க வேண்டும். கர்ப்பப்பை எடுத்தவர்களிடம் சினைப்பைகளும் எடுக்கப்பட்டனவா என்று விசாரித்து, பழைய அறுவைச் சிகிச்சைக் குறிப்பைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். பெரும்பாட்டுக்காக இளவயதிலேயே அறுவை செய்துகொண்ட என் உறவுப் பெண்கள் சிலருக்கு இதற்கு விடையே தெரியாது. ஆனால் 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளையும் இழந்தவர்களுக்கு, தடை ஏதும் இல்லாவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையிலாவது ஹார்மோன் தருவதே எலும்புக்கும் இதயத்துக்கும் பாதுகாப்பு.

ஹார்மோன் தரத் தடையாகக்கூடிய மார்பகப் புற்றுநோய், காலில் இரத்தக் கட்டி, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டார்கள். தைராய்டு கோளாறும் படபடப்பையும் வியர்வையையும் தரும் என்பதால் அதற்கான சோதனையும், மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எழுதினார்கள். 45 வயதைக் கடந்து அறிகுறிகள் தெளிவாக இருக்கும்போது ஹார்மோன் அளவுச் சோதனை தேவையில்லை என்று அந்தச் செலவைத் தவிர்த்ததையும் குறிப்பிட வேண்டும்.

என்னை மிகவும் கவர்ந்தது, "ஊர்ல எந்தத் தண்ணிம்மா குடிச்சீங்க?" என்ற கேள்வி. நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்தவரின் மூட்டு வலியையும் முதுகு இறுக்கத்தையும் மாதவிடாய் நின்றதன் கணக்கில் எழுதிவிட்டால், ஹார்மோன் அதைத் தீர்க்காது. புளோரைடு ஏறிய முதுகெலும்பு, எலும்பு அடர்த்திச் சோதனையில் வலுவானது போலவும் தோன்றலாம். பெருநகரத்தில் இதைக் கேட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஹார்மோன் என்றாலே புற்றுநோய் என்ற அச்சம் எனக்கு இருந்தது. அதன் வேர் 2002-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு என்று மருத்துவர் தாளில் எழுதியே விளக்கினார். இரு ஹார்மோன்களையும் மாத்திரையாக உட்கொண்ட பெண்களில், ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆனால் அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற 10 ஆண்டுகளுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்ணுக்குப் பெரும்பாலும் நன்மையே மிகுதி. அபாயம் அறவே இல்லை என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

எனக்கு இரத்த அழுத்தம் இருப்பதால், தோலில் தடவும் எஸ்ட்ராடையால் (ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை) ஜெல்லும், இரவில் விழுங்கும் புரோஜெஸ்டிரோன் கேப்சூலும் தந்தார்கள். மாத்திரை கல்லீரல் வழியே செல்வதால் இரத்தம் உறையும் வாய்ப்பு சற்றுக் கூடும். வழக்கமான அளவில் ஜெல்லுக்கு அந்தக் கூடுதல் தெரியவில்லை. காய்ந்த பிறகே உடை அணிய வேண்டும், தடவிய இடத்தில் குழந்தைகளின் தோல் படக்கூடாது என்பதைச் செவிலியர் செய்து காட்டினார். தாம்பத்தியத்தில் வலியோ அடிக்கடி சிறுநீர்த் தொற்றோ உண்டா என்று அவர்களே கேட்டது பெரிய ஆறுதல். அந்தத் தொல்லை மட்டும் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஹார்மோன் கிரீமை பிறப்புறுப்பிலேயே தடவினால் போதுமாம்.

மூன்று மாதம் கழித்து நடந்த மறுபரிசோதனைக்குள் வெக்கை வெகுவாகக் குறைந்து, தூக்கம் திரும்பியிருந்தது.

குறைகளும் உண்டு. இரத்த அழுத்தம் பார்க்கும் மேசை காத்திருப்போர் நடுவிலேயே இருப்பதால், பெண்கள் தங்கள் தொல்லையைச் சொல்லத் தயங்குகிறார்கள். ஒரு திரையாவது கட்டியே ஆக வேண்டும். மேமோகிராமுக்கு வெளியே செல்ல வேண்டும். நான் கேட்ட மருந்துக் கடைகளில் ஜெல் இருப்பில் இல்லை. சேலத்திலிருந்து வரவழைத்துத்தான் வாங்கினேன். ஆகவே கையிலுள்ள ஜெல் தீர்வதற்கு ஒரு வாரம் முன்னரே சொல்லி வைப்பது நல்லது.