திருமுழுக்குச் சட்டை: கிளிநொச்சித் தையல்கடை அனுபவம்

மகளின் திருமுழுக்குக்கு, அதாவது ஞானஸ்நானத்துக்கு, வெள்ளைச் சட்டை தைப்பிக்க ஏ9 வீதியோரம் ஒரு கடைக்குப் போனோம், பெயர் வேண்டாம். துணி நல்ல பருத்தி, இந்த வன்னி வெயிலிலும் பிள்ளை சிணுங்கவில்லை. ஆனால் தெறி (பொத்தான்) எல்லாம் முதுகுப் பக்கம்! தண்ணீர் ஊற்றுவதற்கு முன் சுவாமியார் நெஞ்சில் எண்ணெய் பூச வேண்டும், கழுத்து இறுக்கம், விரல் நுழையவில்லை, கடைசியில் ஞானத்தாய் (திருமுழுக்கில் பிள்ளைக்குப் பொறுப்பு நிற்கிறவ) பிள்ளையைத் தோளில் சாய்த்து இரண்டு தெறியைக் கழற்றினா. தொப்பியும் தாடைக்குக் கீழே முடிச்சு. உச்சந்தலையில்தானே தண்ணீரும், பிறகு பூசுகிற கிறிஸ்மா என்ற புனித தைலமும்?

சரி, எங்கள் பிழையும் உண்டு. முறைப்படி வெள்ளை உடை தண்ணீர் ஊற்றிய பிறகுதான். திருமுழுக்குப் பெற்றவர்கள் கிறிஸ்துவை அணிந்துகொண்டார்கள் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினாரே, அதன் அடையாளம் அது, போட்டோவுக்கான உடுப்பு இல்லை.

2009 இடம்பெயர்வில் என் ஞானஸ்நானச் சான்றிதழ் தொலைந்துவிட்டது. கலியாணத்துக்குக் கேட்டார்கள், பங்குப் பதிவேடும் இல்லை. திரும்ப ஞானஸ்நானம் தருவார்களோ என்று பயந்தேன், அப்படி ஒன்று கிடையாதாம், ஒருமுறைதான். நம்பத்தக்க ஒரு சாட்சி போதும் என்றார்கள், என் ஞானத்தாயைக் கூட்டிக்கொண்டு போனேன். அதனால்தான் மகளுக்கும் ஞானத்தாயாகப் பக்கத்தில் இருக்கிற ஆளாகப் பார்த்துப் பிடித்தோம்.

கடைக்கு ஐந்துக்கு மூன்று. போகிறவர்கள் முன்பக்கம் திறக்கிற மாதிரித் தைக்கச் சொல்லுங்கள், தொப்பியே வேண்டாம்.