இடைநிலைத் தரவைச் சேமிக்க சி.எஸ்.வியா, ஆர்.டி.எஸ்ஸா?

புள்ளியியல் பகுப்பாய்வுக்கான ஆர் (R) நிரல்மொழியில் பல கட்டங்களாகப் பகுப்பாய்வு செய்பவர்கள், சுத்தம் செய்த தரவை அடுத்த கட்டத்திற்காக ஒரு கோப்பில் சேமித்தே ஆகவேண்டும். பல ஆண்டுகள் சி.எஸ்.வியில் (CSV, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் எளிய உரைக்கோப்பு) சேமித்துவந்த நான், இப்போது ஆரின் சொந்தச் சேமிப்பு வடிவமான ஆர்.டி.எஸ்ஸுக்கு (RDS) மாறிவிட்டேன்.

சி.எஸ்.வியின் வசதிகள் தெரிந்தவையே: எந்த மென்பொருளிலும் திறக்கும், கண்ணால் படிக்கலாம், கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) மென்பொருளில் எந்த வரி மாறியது என்று பார்க்கலாம். ஆர்.டி.எஸ்ஸில் இவை கிடையா. ஆனால் கோப்பு தானாகவே சுருக்கப்படுவதால் இடம் மிச்சமாகும்.

என் முடிவைத் தீர்மானித்தது நெடுவரிசைகளின் வகை, அதாவது அதில் இருப்பது எண்ணா, எழுத்தா, உண்மை/பொய் மதிப்பா என்பது. சி.எஸ்.வி கோப்பில் எழுத்துகள் மட்டுமே இருக்கின்றன. வகையை ஆர் ஒவ்வொரு முறையும் ஊகித்துக்கொள்கிறது. '007' என்ற குறியீடு 7 ஆகிவிடும். விடுபட்ட மதிப்பை ஆர் 'என்.ஏ' (NA) என்றே குறிப்பதால், நமீபியாவின் ஈரெழுத்து நாட்டுக் குறியீடான 'என்.ஏ' விடுபட்ட மதிப்பாகிவிடும். பெண்கள் மட்டுமே பங்கேற்ற ஆய்வில் பாலின நெடுவரிசை முழுவதும் 'எஃப்' (F) என்றிருந்தால், அது மொத்தமும் 'ஃபால்ஸ்' (FALSE, பொய்) என்று மாறி வந்து நிற்கும்.

இவையாவது கண்ணில் படும். ஃபேக்டர் (குறிப்பிட்ட சில வகைப்பாடுகளை மட்டுமே ஏற்கும் நெடுவரிசை) ஒன்றின் நிலைகளின், அதாவது அந்த வகைப்பாடுகளின், வரிசை குலைவது கண்ணில் படாது. 'லோ, மீடியம், ஹை' என்று நான் வரிசைப்படுத்தி வைத்த நெடுவரிசை, சி.எஸ்.வி வழியாகப் போய்த் திரும்பியபோது வெறும் எழுத்துச்சரமாக வந்தது. காரணிகளின் தாக்கத்தைக் கணக்கிடும் ரிக்ரஷன் மாதிரியுரு (model) அதை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கி, 'ஹை' என்பதையே ஒப்பீட்டு அடிப்படையாக எடுத்துக்கொண்டது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அது கணக்கிட்ட கெழுக்கள் (தாக்கத்தின் அளவைக் காட்டும் எண்கள்) மட்டும் முந்தைய அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. கோப்பைப் படிக்கும்போதே 'கால்கிளாசஸ்' (colClasses) என்ற அமைப்பின் மூலம் வகையைக் குறிப்பிடலாமே என்று கேட்கலாம். வகையைக் குறிப்பிடலாம், நிலைகளின் வரிசையை அதில் சொல்ல முடியாது; அந்தக் கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு நிரலிலும் அதைத் தனியாக எழுதிப் பராமரிக்க வேண்டும். ஆர்.டி.எஸ்ஸில் தரவு வைத்தபடியே திரும்பி வருகிறது.

ஆரின் இன்னொரு சேமிப்பு வடிவமான ஆர்.டேட்டாவும் (RData) வகைகளைக் காக்கும் என்றாலும், அதைத் திறந்தால் சேமித்தபோது இருந்த பெயரிலேயே தரவு வந்து, அதே பெயரில் ஏற்கெனவே இருப்பதைச் சொல்லாமல் அழித்துவிடும். அதனால் அதைத் தவிர்க்கிறேன்.

ஆர்.டி.எஸ்ஸில் ஒரு கவனம் தேவை: அறியாதவர் தந்த கோப்பைத் திறக்கக் கூடாது. திறந்த கோப்பு தீய நிரலை இயக்க வழிவிட்ட ஒரு பாதுகாப்புக் குறை 2024இல் வெளிவந்த ஆர் 4.4.0 பதிப்பில்தான் சரிசெய்யப்பட்டது.

பைத்தான் நிரல்மொழியும் அதே தரவைப் படிக்க வேண்டுமென்றால், பல மொழிகளில் திறக்கக்கூடிய பார்க்கெட் (Parquet) என்ற கோப்பு வடிவம் பொருத்தமாகத் தெரிகிறது. அதை நான் சில மாதங்களே பயன்படுத்தியிருப்பதால் உறுதியாகப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். வெளியே அனுப்பும் இறுதி அட்டவணையை மட்டும் இன்றும் சி.எஸ்.வியாகத் தருகிறேன், நெடுவரிசை வகைகளையும் ஃபேக்டர் நிலைகளின் வரிசையையும் எழுதிய ஒரு சிறு உரைக்கோப்பு அதனுடன் செல்கிறது.