வைத்த சொல்லும் தள்ளிய சொல்லும்

நம் அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு ஒரே ஒரு வாக்கியம். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையோ தனிமனிதச் சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது. அதில் ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்று இருக்கும் இடத்தில் முதலில் இருந்தது வேறு சொல்: ‘டியூ ப்ராசஸ் ஆஃப் லா’. முறையான சட்ட நெறி என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். முழுப் பொருளும் வராது, பரவாயில்லை.

இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? மாவட்ட ஆட்சியர் நினைத்தால் யாரையும் ஆறு மாதம் அடைத்து வைக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று ஒரு சட்டமன்றம் சட்டம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்ற சொல்படி நீதிபதிக்குக் கேட்க இரண்டு கேள்விதான் உண்டு. சட்டம் இருக்கிறதா? அதன்படி நடந்தார்களா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் கைதி உள்ளேதான். டியூ ப்ராசஸ் இருந்தால் மூன்றாவதாக ஒரு கேள்வியும் கேட்கலாம்: இப்படி ஒரு சட்டம் நியாயமா? மொத்தச் சண்டையும் இந்த மூன்றாவது கேள்வியை யார் கேட்பது என்பதில்தான்.

டியூ ப்ராசஸ் அமெரிக்கச் சரக்கு. அங்கே 1791-லும் 1868-லும் செய்த திருத்தங்களில் இருக்கிறது. நம் அடிப்படை உரிமைகளின் ஆரம்ப வரைவிலும் இருந்தது. 1947 கடைசியில் அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் வெளிநாட்டுப் பயணம் போனார். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் போட்ட சட்டத்தை நீதிபதிகள் சிலர் சேர்ந்து தள்ளிவிடுவது ஜனநாயகத்துக்கும் ஆகாது, நீதிமன்றத்துக்கும் சுமை என்பது அவர் கருத்து. அப்புறம் வரைவுக் குழு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ஜப்பானின் 1946 அரசமைப்பிலிருந்து ‘சட்டம் வகுத்த நடைமுறை’யைக் கொண்டுவந்து வைத்தது.

ஃபிராங்க்ஃபர்ட்டருடைய பயத்தில் நியாயம் இருந்தது. பேக்கரித் தொழிலாளியை ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் போட்ட சட்டத்தை, 1905-ல் லாக்னர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டியூ ப்ராசஸைக் காட்டி 5-4 என்று தள்ளியது. முதலாளியும் தொழிலாளியும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் சுதந்திரத்தில் அரசு கை வைக்கிறதாம்! நிலச் சீர்திருத்தத்துக்குக் காத்திருந்த நாட்டில் இதே ஆயுதம் ஜமீன்தார் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் டியூ ப்ராசஸை எதிர்த்தபோது முன்வைத்ததும் இந்த அமெரிக்க அனுபவத்தைத்தான்.

ஆனால் இந்த வாதத்தை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. ‘சொத்து’ என்ற சொல்லை 1947-லேயே அந்தப் பிரிவிலிருந்து எடுத்தாகிவிட்டது. ‘சுதந்திரம்’ என்று இருந்ததையும் ‘தனிமனிதச் சுதந்திரம்’ என்று குறுக்கியாகிவிட்டது. லாக்னர் நுழையக்கூடிய வாசலில் இப்படி இரண்டு பூட்டு ஏற்கெனவே தொங்கியது. டியூ ப்ராசஸையே எடுத்துவிட்ட மூன்றாவது பூட்டு யாருக்கு? பிரிவினைக் கலவரம், கம்யூனிஸ்ட் போராட்டம் என்று மாகாண அரசுகள் ஆட்களை விசாரணையின்றி உள்ளே வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த அதிகாரம் நீதிமன்றத்தில் அடிபடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் பெரிய காரணமாக எனக்குப் படுகிறது.

1948 டிசம்பரில் அரசமைப்பு நிர்ணய அவை இதை விவாதித்தது. அல்லாடியோடு அதே வரைவுக் குழுவில் இருந்த கே.எம். முன்ஷி எதிர்ப் பக்கம் நின்றார். பெரும்பான்மை பலமுள்ள கட்சி அவசரச் சட்டங்களால் அரசுக்கு அதிகாரத்தை அள்ளிக் கொடுத்துவிடும், அதற்குக் கடிவாளம் வேண்டும் என்பது அவர் வாதம். அம்பேத்கர் எந்தப் பக்கமும் சாயவில்லை. சட்டமன்றத்தை முழுசாக நம்பவும் வழியில்லை. ஐந்தாறு நீதிபதிகள் தங்கள் மனச்சாட்சியையோ விருப்பு வெறுப்பையோ வைத்துச் சட்டத்தின் நன்மை தீமையை முடிவு செய்வதும் சரியாகப் படவில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சுழல், அவையே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். டிசம்பர் 13 அன்று டியூ ப்ராசஸ் கோரிய திருத்தம் தோற்றது.

மனசு கேட்கவில்லை போலும். 1949 செப்டம்பரில், இப்போது 22-வது பிரிவாக இருப்பதை அம்பேத்கர் கொண்டுவந்தார். கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அன்று விட்டதற்கு இது ஓர் ஈடு என்று அவரே சொன்னார். ஆனால் விசாரணையில்லாத் தடுப்புக் காவலுக்கும் அதே பிரிவில்தான் இடம் கிடைத்தது.

அரசமைப்பு நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே சோதனை வந்தது. சென்னை மாநிலச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்காக எம்.கே. நம்பியார் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். ‘சட்டம்’ என்றால் இயற்கை நீதியும், அதாவது எழுதாமலே எல்லோருக்கும் பொருந்தும் அடிப்படை நியாய விதிகளும் சேர்ந்ததுதான் என்றார். 1950 மே 19 தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. சட்டம் என்றால் சட்டமன்றம் போட்ட சட்டம், அவ்வளவுதான். 21-வது பிரிவின் பொருளில் நீதிபதி ஃபசல் அலி தனித்து நின்றார். நடைமுறை என்று சொன்னாலே முன்னறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான மன்றம் எல்லாம் அதற்குள் வந்துவிடும் என்பது அவர் வாசிப்பு.

அவை எதை நினைத்து எழுதியதோ அதன்படி படித்தால் பெரும்பான்மைத் தீர்ப்புதான் சரி. இதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த வாசிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பது நெருக்கடி நிலையில் தெரிந்தது. 21-வது பிரிவுக்காக நீதிமன்றம் போகும் உரிமையை அரசு நிறுத்தி வைத்திருக்கிறது, ஆகவே காவலில் இருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று 1976-ல் ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 4-1 என்று சொன்னது. மறுத்தவர் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர்தான்.

1977-ல் ஜனதா அரசு மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டது. பொதுநலன் கருதி என்றார்கள், விளக்கம் கிடையாது. அவர் போட்ட வழக்கில் 1978 ஜனவரி 25 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமானதாக இருக்க வேண்டும் என்றது. தள்ளிய சொல் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்துவிட்டது. அதே ஆண்டு சுனில் பத்ரா வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் இதை ஒளிக்காமலே எழுதினார்: நம் அரசமைப்பில் டியூ ப்ராசஸ் இல்லைதான், ஆனால் விளைவு அதேதான். 2017-ல் அந்தரங்க உரிமையை ஒன்பது நீதிபதிகள் உறுதி செய்ததும் இந்த வழியில் வந்துதான். ஜபல்பூர் தீர்ப்பையும் அப்போது தூக்கிப்போட்டார்கள்.

சரி, எது மேல்? எனக்கு மேனகா பக்கம்தான் சாய்வு, ஆனால் முழு மனதோடு அல்ல. அவை தெரிந்தே வேண்டாம் என்றதை நீதிபதிகள் கொண்டுவந்தார்கள். நாளை வேறு நீதிபதிகள் வேறு எதையும் கொண்டுவரலாம். தவிர, பரந்த வாசிப்பு ஏழைக்கு எப்போதும் கை கொடுத்ததும் இல்லை. 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்புக்கான உரிமையும் உயிருக்கான உரிமைதான் என்று நீதிமன்றம் அழகாகச் சொன்னது. அவர்கள் கையில் கிடைத்ததோ இடத்தைக் காலி செய்ய மழைக்காலம் முடியும்வரை அவகாசம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழ்நாட்டின் 1982-ம் ஆண்டு குண்டர் சட்டத்தில் ஓர் ஆண்டுவரை விசாரணையின்றி உள்ளே வைக்கலாம். திருட்டு விசிடிக்காரர், மணல் கடத்துபவர் என்று பட்டியலும் நீண்டுவிட்டது. 22-வது பிரிவே தடுப்புக் காவலுக்கு இடம் கொடுப்பதால், இது நியாயமா என்ற மேனகாவின் பெரிய கேள்வி இங்கே அதிகம் எடுபடுவதில்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவோடு நிற்கும் வக்கீல் தேடுவது வேறு. கைதிக்குத் தெரிந்த மொழியில் ஆவணம் கொடுத்தார்களா? அவர் கொடுத்த மனுவைப் பரிசீலிக்க எத்தனை நாள் தாமதம்? ஒன்று தவறியிருந்தாலும் உத்தரவு ரத்தாகலாம். சட்டம் வகுத்த நடைமுறையை எழுத்து பிசகாமல் பிடித்துக்கொண்டுதான் ஆட்கள் வெளியே வருகிறார்கள்.