மருத்துவ வேனோடு மலையூருக்கு: தன்னார்வலர் வேலை எப்படி?

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், சித்தேரி பக்கத்து மலையூர்களுக்கு மாதம் ஒருமுறை ஏறும் மருத்துவ வேனில் டாக்டர், நர்ஸ் போக மீதி வேலை தன்னார்வலர்கள் தலையில்தான். ஸ்டெதஸ்கோப் மாட்டலாம் என்று வருகிறவர் ஏமாந்துபோவார். பதிவு, பிரஷர், சுகர், மாத்திரை என்று நான்கு மேஜை. அதில் ஒன்று கிடைக்கும்.

பிரஷர் மேஜைதான் அதிகம் சொதப்புகிறது. வந்தவரை ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவைக்க வேண்டும். பாதம் தரையில், கை மேஜைமேல், கையில் சுற்றும் பிரஷர் பட்டை நெஞ்சு மட்டத்தில். மேடேறி வந்த மூச்சோடும், புகையிலை மென்ற வாயோடும் எடுத்தால் கூடத்தான் காட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் அதே கதை. 140/90 தாண்டினால் ஓரிரு நிமிடம் விட்டு மறுபடி எடுக்காமல் சீட்டில் எழுதக் கூடாது. வரிசை நீண்டால் முதலில் பலியாவது அந்த ஐந்து நிமிடம். பதிவுக்கும் பிரஷருக்கும் நடுவே ஒரு பெஞ்ச் போட்டால் போதும், காத்திருப்பதே ஓய்வாகிவிடும். பல முகாம்களில் அந்த பெஞ்ச் இருப்பதில்லை.

சுகர் மேஜைக்கு மாங்காய் சீசனில் தனி எச்சரிக்கை. தோப்பிலிருந்து நேராக வருகிறவர் விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் இல்லாத சர்க்கரையை மெஷின் காட்டும். ஸ்பிரிட் பஞ்சு மட்டும் போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, முதல் சொட்டை விட்டு அடுத்த சொட்டை எடுக்க வேண்டும். ரத்தச் சொட்டை வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவை வேனின் முன் கண்ணாடி ஓரம் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. வெயிலும் ஈரக்காற்றும் பட்ட ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது. விரலில் குத்திய லான்செட் ஊசி தண்ணீர் பாட்டிலுக்குள் போகக் கூடாது, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில்தான் போட வேண்டும்.

மாத்திரை மேஜையில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாதது. வேன் ‘இரண்டாம் சனிக்கிழமை’ வருகிறது. மாத்திரை 30 நாளுக்குத் தருகிறார்கள். ஒரு இரண்டாம் சனிக்கும் அடுத்ததற்கும் இடையே 28 நாள் வரும், இல்லையென்றால் 35 நாள் வரும். 35 வரும் மாதத்தில் ஐந்து நாள் மாத்திரை இல்லாமல் போகிறது; அடுத்த முறை பிரஷர் ஏறி நிற்கும், டாக்டர் டோஸைக் கூட்டுவார். அந்த மாதத்தில் சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் 500 இருவேளை என்றால் 60 தராமல் 70 எண்ணித் தர வேண்டும்.

இன்னொன்று, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். அதில் வீட்டுக்கே வரும் மாத்திரையும் வேனில் தருவதும் ஒன்றாக இருக்கலாம், மாத்திரை அட்டையின் நிறம் மட்டும் வேறு. பெரியவர்கள் இரண்டையும் போட்டுக்கொள்வார்கள். “வீட்டுல இருக்கற மாத்திரையெல்லாம் பையோட கொண்டாங்க” என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கவரில் எழுத்தை மட்டும் நம்பாமல் காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை வரைந்து தரும் குழு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.

மூட்டுவலிக்கு ‘ஊசி போட்டாத்தான் கேக்கும்’ என்ற பிடிவாதம் எல்லா ஊரிலும் உண்டு. வலி மருந்து பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும் என்பதால் கொடுக்காத டாக்டர்தான் நல்ல டாக்டர். பல்லில் பழுப்புக் கறை இருந்தால் போர்வெல் தண்ணீரா, குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரா என்று கேட்டுச் சீட்டில் குறிக்கவும். போர்வெல் தண்ணீரில் வந்து பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு இந்த இரண்டு மாவட்டத்துக்கும் பழைய தொல்லை, வேனில் அதற்கு மருந்து கிடையாது.

தளி, அஞ்செட்டி பக்கம் கன்னடம், தெலுங்கு பேசும் ஒருவர் பதிவு மேஜையில் இல்லாவிட்டால் பெயரும் வயதும்கூடத் தப்பாகும். நூறு நாள் வேலையும் சந்தையும் உள்ள நாளில் காலை பத்து மணிக்குப் போய்க் கடை விரித்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஏழு மணிக்கே போய்விட வேண்டும். தேன்கனிக்கோட்டைக் காட்டுவழியில் யானை நடமாட்டம் உண்டு; நாலரைக்கு மேஜையை மடிக்காத குழுவோடு போகாதீர்கள்.