காப்பகமா, கருத்தடையா, வழக்கா: விலங்குநலக் குழுக்களில் யாருக்கு முதலில் கை கொடுப்பது?

நகரத்தில் விலங்குகளுக்காக இயங்கும் குழுக்கள் எல்லாம் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். காயம்பட்ட நாயின் படம், வங்கிக் கணக்கு எண், 'உதவுங்கள்' என்று ஒரு வரி. கிட்டே போனால்தான் அவரவர் வேலை எவ்வளவு வேறு என்பது தெரியவரும். ஒரு குழு விலங்கைத் தெருவிலிருந்து தூக்கி வந்து உள்ளே வைத்துப் பராமரிக்கிறது. இன்னொன்று கருத்தடை செய்து, பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விடுகிறது. ஒன்று ஆம்புலன்ஸோடு ஓடுகிறது. ஒன்று காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைகிறது. சிலர் சொந்த வீட்டு அறையையே ஒதுக்கி, குட்டிகளை வளர்த்துத் தத்துக்கு அனுப்புகிறார்கள்.

கையில் இருக்கும் பணமும் வார இறுதியில் கிடைக்கும் சில மணி நேரமும் எல்லோருக்கும் போதாது என்கிறபோது, யாருக்கு என்று கேட்பது நியாயம்தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரு விலங்குகளுக்கென்றால், கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுத் திரும்ப விடுகிற குழுவுக்கே முதல் பங்கு. மனிதர்களிடம் சித்திரவதைப்பட்ட விலங்குகளுக்கென்றால் கணக்கு மாறும். அங்கே வழக்கு நடத்துகிறவரும் காப்பகம் நடத்துகிறவரும் ஒருவரை விட்டு ஒருவர் எதுவும் செய்ய முடியாது.

காப்பகம்: வாசல் இரண்டு வேண்டும்

பார்த்ததும் மனசு இளகுவது காப்பகத்தில்தான். நன்கொடையும் அங்கேதான் அதிகம் போய்ச் சேர்கிறது. இந்த எண்ணம் பழையது. 1860-ல் லண்டன் ஹாலோவே பகுதியில் மேரி டீல்பி என்ற பெண்மணி தொலைந்துபோன நாய்களுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். 1871-ல் அது பாட்டர்சீக்கு இடம் மாறியது. 1883 முதல் பூனைகளையும் சேர்த்துக்கொண்டது. இன்றும் இயங்குகிறது. அந்த இல்லம் யாருக்காகத் தொடங்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் வளர்ந்து, வழிதவறி, மறுபடி ஒரு வீட்டுக்குப் போகக்கூடிய நாய்களுக்காக. தெருவிலேயே பிறந்து தெருவிலேயே வளர்ந்த நாய்க்கு அதே கூண்டு நிம்மதி தருமா என்பது தனிக் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். காப்பகத்தில் நூறு நாய்களுக்கு இடம். ஒரு நாய் தத்துப் போக சராசரியாக ஒரு மாதம் ஆகிறதென்றால், அந்தக் காப்பகம் ஆண்டுக்கு 1,200 நாய்களுக்கு உதவலாம். யாருமே தத்துப் போகவில்லையென்றால் முதல் நூறோடு சரி. அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு நாயும் ஏற்கெனவே இருக்கிற நூறின் இடத்தையும் சாப்பாட்டையும் பங்கு போடுகிறது. மடை அடைத்த குளம்போல, தண்ணீர் வர வர நாறத்தான் செய்யும். அதனால் காப்பகத்தாரிடம் 'எத்தனை மீட்டீர்கள்' என்று கேட்பதைவிட, 'போன மாதம் எத்தனை வெளியே போயின, எங்கே போயின' என்று கேளுங்கள். பதில் தயாராக இருந்தால் நல்ல இடம்.

நெரிசலின் விளைவு நோயில் தெரியும். டிஸ்டெம்பர் என்ற நாய் நோய் தும்மலிலும் இருமலிலும் பரவுகிறது. பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கிறது. இரண்டிலுமே, தொற்றிய நாய் முதல் சில நாட்கள் நல்ல ஆரோக்கியமாகத் தெரியும். இன்று உள்ளே விட்ட குட்டி அடுத்த வாரம் படுக்கும். அதற்குள் பக்கத்துக் கூண்டுகளுக்கும் தொற்றியிருக்கும். எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது புதுவரவுகளுக்கான தனி அறையைத்தான். தனி அறை, தனிக் கிண்ணம், தனி மாப், கதவருகே கைகழுவ இடம். சுத்தம் செய்கிறவர் எந்த வரிசையில் போகிறார் என்பதையும் பார்ப்பேன். தடுப்பூசி முடியாத குட்டிகளின் அறை முதலில், நோயாளிகள் அறை கடைசியில் என்று இருந்தால் அங்கே வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வரிசை மாறினால், அதே மாப்பும் அதே செருப்பும் வைரஸை அறைக்கு அறை சுமக்கும்.

'நாங்கள் எதையும் கொல்வதில்லை' என்ற பலகையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். அமெரிக்காவில் உள்ளே வருகிற விலங்குகளில் 90 விழுக்காடு உயிரோடு வெளியே போனால் அதைக் கொல்லாக் காப்பகம் என்று ஏற்கிறார்கள். மிச்சம், வலியில் துடித்துப் பிழைக்க வழியில்லாதவற்றுக்கு. இது நேர்மையான அளவுகோல் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காகவே வயதான, நோயுற்ற விலங்குகளை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற இடங்களும் உண்டு. திருப்பி அனுப்பியவை எந்தக் கணக்கிலும் வராது.

கருத்தடை, தடுப்பூசி, திரும்ப விடுதல்

இந்த வேலையைப் படம் பிடித்துப் போட்டால் யாருக்கும் கண் கலங்காது. காலையில் பிடிக்கிறார்கள், அறுவை செய்கிறார்கள், சில நாள் வைத்திருக்கிறார்கள், பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். நாய் பழையபடி அதே மதிலோரம் படுத்திருக்கும். 'இதற்கா இவ்வளவு செலவு' என்று கேட்கத் தோன்றும்.

பெண் நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். ஆறேழு மாதத்திலேயே குட்டி போடும் பருவத்துக்கு வந்துவிடுகிறது. ஆண்டுக்கு இரண்டு ஈற்றுகூட நடக்கும். தெருவில் பிறக்கிற குட்டிகளில் பெரும்பாலானவை வண்டியிலும் நோயிலும் செத்துப் போகின்றன. ஒரு தாய்க்குச் செய்கிற ஒரே அறுவை, பிறந்து சில வாரங்களில் சாகப்போகிற அத்தனை குட்டிகளின் துன்பத்தையும் வராமலே தடுக்கிறது. மீட்புப் படங்களில் நாம் பார்க்கிற நாய்களில் எத்தனை பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று யோசித்தால், இந்தக் குழுக்கள் மேல் மரியாதை கூடும்.

நாய்களை ஒட்டுமொத்தமாக அகற்றிவிட்டால் என்ன என்ற கேள்வி எப்போதும் வரும். குப்பையும் சாப்பாடும் படுக்க மறைவும் அங்கேயே இருக்கிறவரை, காலியான இடத்துக்குப் பக்கத்திலிருந்து வேறு நாய்கள் வந்து சேரும். வருகிறவை தடுப்பூசி போடாதவையாக இருக்கும். மனிதருக்கு ரேபிஸ் தொற்றுவதில் 99 விழுக்காடு வரை நாய் மூலம்தான். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதில் சாகிறார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. ஒரு பகுதியில் 70 விழுக்காடு நாய்களுக்குத் தடுப்பூசி இருந்தால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தடுப்பூசி போட்ட நாய் தெருவில் இருப்பது அந்தத் தெருக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு.

நடைமுறையில் காட்டிய இடங்கள் உண்டு. சென்னையில் 1959-ல் தொடங்கிய இந்திய ப்ளூ கிராஸ், 1964-லேயே இந்த முறையைக் கையிலெடுத்தது. ஜெய்ப்பூரில் 'ஹெல்ப் இன் சஃபரிங்' அமைப்பு 1994-ல் தொடங்கி எட்டு ஆண்டுகள் செய்த வேலையை அளந்து பார்த்தபோது, திட்டம் நடந்த பகுதியில் நாய்களின் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்திருந்தது. மனிதர்களுக்கு ரேபிஸ் வருவது பூஜ்யமானது. பூட்டான் 2009-ல் தொடங்கிய நாடளாவிய திட்டத்தை, 2023-ல் தன் தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடை முடிந்ததாக அறிவித்து நிறைவு செய்தது.

எட்டு ஆண்டுகள் என்பதை மறுபடி படியுங்கள். இதில் உள்ள பெரிய குறையே அதுதான். நேற்றுக் கடிபட்டவருக்கு, 'சில ஆண்டுகள் பொறுங்கள்' என்பது பதிலே ஆகாது. அவருடைய பயத்தை அலட்சியம் செய்கிற விலங்குப் பிரியர்கள் விலங்குகளுக்குத்தான் கெடுதல் செய்கிறார்கள். கருத்தடை செய்த நாயும் கடிக்கலாம். ஆனால் குட்டியைக் காக்கிற தாய் பாய்வதும், பெட்டைக்காக ஆண் நாய்கள் கூட்டமாகச் சண்டையிடுவதும் குறைகிற அளவுக்குக் கடியும் குறையும்.

இன்னொரு குறை, அரைகுறையாகச் செய்வது. நகரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆயிரம் நாய்களுக்குச் செய்தால் எண்ணிக்கை துளிகூட அசையாது. அதே ஆயிரத்தை ஒரு பகுதியில் எடுத்து, அங்குள்ள பெண் நாய்களில் பெரும்பாலானவற்றை ஒரே இனப்பெருக்கக் காலத்துக்குள் முடித்தால் பலன் தெரியும். ஆகவே குழுவிடம் கேட்க வேண்டியது, 'எந்தெந்தத் தெருக்களை முடித்துவிட்டீர்கள்' என்பது.

வேலையின் தரத்தை நாயின் உடம்பிலேயே பார்க்கலாம். கருத்தடை முடிந்த நாயின் காது ஓரத்தில் ஆங்கில வி எழுத்துப்போல ஒரு நறுக்கு இருக்கும். பூனைக்குக் காது நுனியை நேராக வெட்டியிருப்பார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். அடுத்த முறை பிடிக்க வருகிறவர், தூரத்திலிருந்தே பார்த்து விட்டுவிட இந்தக் குறிதான் உதவும். நறுக்கு வழவழவென்று ஆறியிருக்கிறதா, வயிற்றுத் தையல் சின்னதாகவும் உலர்ந்தும் இருக்கிறதா, பிடிக்கும்போது வலை போட்டார்களா அல்லது கழுத்தில் கம்பிச் சுருக்கு மாட்டி இழுத்தார்களா, பிடித்த இடத்தை அன்றே எழுதி வைத்தார்களா என்று பாருங்கள். வேறு தெருவில் இறக்கிவிடப்பட்ட நாய் அங்குள்ள கூட்டத்திடம் கடிபட்டே செத்துப்போகலாம். எண்ணிக்கைக் கணக்குக்காக அவசரப்படுகிற குழுக்களில் நடக்கிற கொடுமை இது.

ஓடிப்போய்க் காப்பாற்றுகிறவர்கள்

நியூயார்க்கில் 1867-லேயே அடிபட்ட குதிரைகளுக்கு ஆம்புலன்ஸ் ஓடியது. இன்றைக்கும் தொலைபேசி எண் என்று மக்கள் தேடுவது இவர்களைத்தான். இவர்களுடைய வேலைக்கு முடிவே கிடையாது, ஒரு அழைப்பு முடிந்தால் அடுத்தது. ஆனாலும் 'ஒவ்வொன்றாகக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது' என்று பேசுவது எனக்கு ஒப்பாது. வலியில் கிடக்கிற அந்த ஒரு நாய்க்கு அன்றைக்கு வேறு யாரும் இல்லை.

இவர்களில் சிறந்தவர்கள், தூக்கிக்கொண்டு போக வேண்டியது எது, அங்கேயே பார்த்து விட வேண்டியது எது என்று பிரித்தறிகிறவர்கள். புழு வைத்த புண்ணை ஆரம்பத்திலேயே கண்டால், தெருவிலேயே புழுவை எடுத்து, சுத்தம் செய்து, மருந்து போட்டு, சில நாள் கழித்து வந்து பார்த்தால் போதும். நாய்கள் இணையும்போது தொற்றுகிற பால்வினைக் கட்டி பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும், ரத்தம் சொட்டும். ஆனால் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசியை வாரம் ஒன்றாகச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். பாதியில் நிறுத்தினால் வீண். அதனால் இங்கே கேட்க வேண்டியது, அதே நாயை இரண்டாவது, மூன்றாவது வாரம் யார் போய்ப் பார்க்கிறார் என்பது. முதல் நாள் காணொளி மட்டும் போட்டு அப்புறம் பேச்சே இல்லாத குழுவுக்குப் பணம் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. முதுகெலும்பு நொறுங்கிய விலங்கை மாதக்கணக்கில் படம் காட்டி வைத்திருப்பதும் கருணை ஆகாது. வலியில்லாமல் உயிரைப் போகவிடும் முடிவை எடுக்கக்கூடிய கால்நடை மருத்துவர் உடன் இருக்க வேண்டும்.

வழக்குப் போடுகிறவர்கள்

விலங்குநல இயக்கமே இங்கிருந்துதான் தொடங்கியது. 1822-ல் ரிச்சர்ட் மார்ட்டின் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தார். அதை நடைமுறைப்படுத்த ஆள் வேண்டும் என்று 1824-ல் லண்டனில் ஒரு சங்கம் எழுந்தது. 1866-ல் நியூயார்க்கில் ஹென்றி பெர்க் அதேபோல் ஒன்றைத் தொடங்கினார். தெருநாய்க்குக் கருத்தடை எவ்வளவு செய்தாலும், சங்கிலியில் கட்டிப் பட்டினி போடுகிற ஆளை அது தொடாது. அதற்கு வழக்குதான்.

வழக்கு நிற்பது சாட்சியத்தில். நல்ல குழு விலங்கை மீட்ட உடனே எடை போடும். ஒன்று முதல் ஒன்பது வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணை மருத்துவரைக் கொண்டு எழுதி வாங்கும். விலா எலும்பும் இடுப்பெலும்பும் தூரத்திலிருந்தே எண்ணக்கூடியதாகத் துருத்தினால் மதிப்பெண் ஒன்று. பிறகு ஒழுங்காகச் சோறு போட்டு, அதே விலங்கு எத்தனை வாரத்தில் எடை கூடியது என்று குறித்துக்கொண்டே வரும். வேறு மருந்து எதுவுமின்றிச் சாப்பாட்டால் மட்டும் தேறியது என்றால், நோயினால் மெலிந்தது என்ற வாதம் நிற்காது. இதற்கெல்லாம் அந்த விலங்கை எங்காவது வைத்திருக்க வேண்டும். வழக்கு இழுத்தால் ஆண்டுக்கணக்கில்கூட. காப்பகத்தின் சரியான பயன் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. தெருநாய்களால் நிரம்பி வழிகிற காப்பகத்தில், கொடுமையிலிருந்து மீட்ட விலங்குக்குக் கூண்டு கிடைக்காமல் போவதுதான் பெரிய இழப்பு.

வீட்டில் வளர்த்துக் கொடுப்பவர்கள்

தாயில்லாத, கண் திறக்காத குட்டிகளுக்கு இவர்களை விட்டால் கதியில்லை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் புகட்ட எந்தக் காப்பகத்திலும் ஆள் இராது, அங்குள்ள நோய்களையும் குட்டிகள் தாங்காது. செலவும் குறைவு. ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும்: ஒரு வீட்டுக்கு இத்தனைதான் என்று குழு வரம்பு வைத்திருக்கிறதா. மறுக்கத் தெரியாத நல்ல மனசுக்காரர் வீட்டில் பூனைகள் பெருகிப் பெருகி, கடைசியில் அந்த வீட்டிலிருந்தே மீட்க வேண்டி வருவது உலகம் முழுக்க நடக்கிறது.

இந்த ஐந்தில் என் பணத்தின் பெரும்பகுதி கருத்தடைக் குழுவுக்கு, மீதி வழக்கு நடத்துகிறவர்களுக்கு. நேரம் இருக்கிறவர்கள் பணத்துக்குப் பதில் ஒரு குட்டிக்கு வீட்டில் இடம் கொடுக்கலாம். அல்லது ஆம்புலன்ஸ் குழு சிகிச்சை தொடங்கிய நாயைத் தங்கள் தெருவில் வாராவாரம் தேடிப் பிடித்துக் காட்டலாம். நகரத்தில் ஒரே குழுதான் இருக்கிறது, எல்லாவற்றையும் அதுவே செய்கிறது என்றால், எந்த வேலைக்கு எவ்வளவு செலவானது என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். நன்கொடை அனுப்பும்போதே 'கருத்தடைக்கு' என்று குறிப்பிட்டு அனுப்பினால், பெரும்பாலான குழுக்கள் அதை அப்படியே கணக்கில் ஏற்றிக்கொள்ளும்.