முனிர்காவின் சட்ட ஆங்கில வகுப்பும் ‘பியூனிடிவ்’ என்ற சொல்லும்

தில்லி முனிர்காவில் ஒரு வீட்டின் மாடி அறையில், தமிழ் வழியில் படித்துவிட்டுச் சட்டம் பயில வந்த மாணவர்களுக்காக நடக்கும் மாலை வகுப்பில், மொழிபெயர்ப்பு வேலைக்கு உதவுமென்று நானும் மூன்று மாதம் படித்தேன். கொடுத்த கட்டணத்துக்குப் பயன் கிடைத்தது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அவர்கள் அச்சிட்டுத் தரும் குறிப்பேட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது.

அதில் ‘பியூனிடிவ்’, ‘பனிஷபிள்’ இரண்டுக்குமே ‘தண்டனைக்குரிய’ என்று பொருள் போட்டிருந்தது. அதை நம்பிய மாணவர் ஒருவர் திருட்டை ‘பியூனிடிவ் குற்றம்’ என்று எழுதிவிட்டார். ஆசிரியர் அவரைக் கடிந்துகொள்ளாமல், கரும்பலகையின் ஒரு பக்கம் குற்றத்தையும் மறுபக்கம் தண்டிப்பவரையும் எழுதி, தண்டனைக்கு உள்ளாகும் செயலைச் சுட்டுவது ‘பனிஷபிள்’ என்றும், தண்டிக்கும் நோக்கத்தோடு எடுக்கப்படும் நடவடிக்கையைச் சுட்டுவது ‘பியூனிடிவ்’ என்றும் விளக்கினார். முதல் அசையைப் ‘பனிஷ்’ போல ஒலிக்காமல் ‘பியூ’ என்று ஒலிக்கும்படி ஒவ்வொருவரையும் சொல்லவைத்துத் திருத்தினார்.

அவர் காட்டிய எடுத்துக்காட்டுக்காகவே இந்த வகுப்பில் சேரலாம். 1997 ஜூன் 13 அன்று, இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கிரீன் பார்க்கின் உப்ஹார் திரையரங்கில் தீப்பிடித்து 59 பேர் உயிரிழந்தனர். அந்த வழக்கில் குடும்பங்களின் இழப்பை ஈடுசெய்யக் கொடுத்த தொகை வேறு. பாதுகாப்பில் அலட்சியமாக இருந்த உரிமையாளர் தரப்பை ஒறுப்பதற்காக அதற்கு மேல் விதித்த தொகை வேறு. இந்த இரண்டாவதுதான் ‘பியூனிடிவ் டேமேஜஸ்’. 2003-இல் தில்லி உயர் நீதிமன்றம் இரண்டரைக் கோடி ரூபாயாக விதித்த அதனை, 2011-இல் உச்ச நீதிமன்றம் 25 லட்சமாகக் குறைத்தது. இதைத் ‘தண்டனைக்குரிய இழப்பீடு’ என்று எழுதினால், இழப்பீடு பெறுவதே குற்றம் என்றாகிவிடும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. இப்போது ‘ஒறுப்பு இழப்பீடு’ என்றே எழுதுகிறேன்.

தாங்க முடியாத அளவுக்கு விதிக்கப்படும் வரியையும் ஆங்கிலத்தில் ‘பியூனிடிவ்’ என்பார்கள். அந்தச் சொல்வழக்கை ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டது குறைதான். வங்கியின் அபராதக் கட்டணத்தில் வரும் ‘பீனல்’ எப்படி வேறுபடுகிறது என்பதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைத் திருத்தும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை, புதிதாகச் சேர்பவர்கள் ‘பியூனிடிவ்’ என்பதற்கு எதிரே ‘தண்டிக்கும் நோக்குடைய’ என்று பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.