மக்காச்சோளத்துக்கு ஏது இரட்டை இலை?

விலை இறங்கியிருக்கிறதே, பிள்ளைகளுக்கு வாங்கலாமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டாயிற்று. விதையில் தொடங்கிக் காயில் முடிகிற, கெட்டி அட்டைப் பக்கங்களும் திறந்து பார்க்கும் மடல்களும் கொண்ட அந்தத் தோட்டப் படப் புத்தகத்தைத்தான். பெயர் வேண்டாம், இந்த ரகத்தில் பலவற்றுக்கும் இதே வியாதி உண்டு. நாலிலிருந்து ஆறு வயதுக் கைகளில் இரண்டு வருடம் புழங்கிய பிரதியை வைத்துச் சொல்கிறேன்.

ஆறாம் பக்கம். அவரை, பட்டாணி, மக்காச்சோளம், வெங்காயம் நான்கும் வரிசையாக முளைத்து நிற்கின்றன. நான்குக்கும் ஒரே படம்: பச்சைத் தண்டு, உச்சியில் இரண்டு வட்ட இலை. ஒருமுறை வரைந்ததை நாலு இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அவரைக்கு ஏதோ பொருந்தும், அதன் பருப்பு இரண்டாகப் பிளந்து மண்ணுக்கு மேலே வரும். பட்டாணியில் பருப்பு உள்ளேயே தங்கிவிடும், குருத்து மட்டும் கிளம்பும். மக்காச்சோளம் ஊசி மாதிரி ஒற்றைக் குருத்தாக வந்து, பிறகுதான் சுருள் பிரியும். வெங்காயம் மடித்த நூல் போலத் தலை குனிந்து வெளியே வரும்.

இதெல்லாம் ஒரு குற்றமா என்றால், ஆமாம். நாலு வயதுக்கு அச்சில் இருப்பதுதான் சரி. "இன்னொரு இலை எங்க?" என்று சோளக் குருத்தை நகத்தால் பிரித்துப் பார்க்கும், மறுநாள் செடி காலி. தப்பையே பாடமாக்கலாமே என்பார்கள். ஆறு வயதுக்கு ஆகும், நாலுக்கு ஆகாது. சரியான குருத்தைத் தனித்தாளில் வரைந்து மேலே ஒட்டிவிடுங்கள்.

ஆனால் ஒன்பதாம் பக்கம்! மண் மடலைத் தூக்கினால் உள்ளே வேர். அதை வெறுமனே காட்டாதீர்கள். கண்ணாடி டம்ளரின் உட்சுவரை ஒட்டி மடித்த வெள்ளைத் துணி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இரவு முழுக்க ஊறிய நாலு தட்டைப்பயறு, அடியில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர். ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும். விதை மூழ்கக் கூடாது, மூழ்கினால் காற்றில்லாமல் அழுகி நாறும். இரண்டு மூன்று நாளில் முளைவேர் எட்டிப் பார்க்கும். அது விரல் நீளம் ஆனதும் தண்ணீரை வடித்துவிட்டு டம்ளரை ஒரு பகல் படுக்க வையுங்கள், துணி மட்டும் காயக் கூடாது. சாயங்காலம் வேர்முனை வளைந்து மறுபடி கீழே திரும்பியிருக்கும். மடலைத் திறக்க வேண்டியது அப்போதுதான்.

விதையைச் சமையலறை டப்பாவிலிருந்தே எடுக்கலாம், முழுப் பயறாக இருக்க வேண்டும். உடைத்த பருப்பு முளைக்காது. கடைப் பொட்டலத்தில் சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால் அது மருந்து தடவிய விதை, பிள்ளை கையில் தராதீர்கள். ஆமணக்குக் கொட்டை அழகாகத்தான் இருக்கும், விஷம்.

பக்கம் புரட்டியதும் வெண்டை காய்த்துவிடுகிறது. நிஜத்தில் பூக்கவே நாற்பது நாள் ஆகும், பிள்ளை அதற்குள் மறந்துவிடும். கூடவே ஒரு தட்டில் வெந்தயம் தூவுங்கள்: மூன்று நாளில் முளை, மூன்று வாரத்தில் கீரை. தண்ணீர் ஊற்ற, மூடியில் ஊசித்துளை போட்ட சின்ன பாட்டில் போதும். படத்தில் இருக்கும் பூவாளியைக் கொடுத்தால் நாற்று அழுகல்தான். பனிமனிதன் பக்கத்தைக் கிளிப் போட்டு மூடிவிட்டேன். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊரில் அவருக்கு வேலையில்லை.

மடல்கள் மடிப்பிலேயே கிழியும். செலோ டேப் ஒட்டாதீர்கள், மஞ்சளாகி, பசை கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடிக்கும். பழைய வேட்டித் துணியில் விரல் அகலக் கீற்று வெட்டி, ஃபெவிகால் மெலிதாகத் தடவி மடிப்பின் உட்பக்கம் ஒட்டி, மடலைத் திறந்தபடியே ஓர் இரவு காயவிட வேண்டும். மைதாப் பசைக்குக் கரப்பான் வரும். அதற்காக பைண்டர்கள் கலக்கும் மயில்துத்தம் என்கிற நீல விஷ உப்பு, வாயில் வைக்கிற வயதுக்கு ஆகாது.

ஒன்பதாம் பக்கம் ஒன்றுக்கே முழு விலை தகும். இருந்தும் வாங்குங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. முதலில் அந்தச் சோளத்துக்கு இருக்கிற இரண்டு இலையில் ஒன்றை அழிக்கட்டும், அப்புறம் கேளுங்கள்.